பிரேக் போட்டால் இடப்பக்கம் இழுக்கும் பழைய லாரி: முழு செட் வாங்கும் முன்

கேள்வி: என்னிடம் இருப்பது 25 வருடப் பழைய சிறிய லாரி. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஆயில் பிரேக். கொஞ்ச நாளாக பிரேக் போட்டால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. மேடு பள்ளத்தில் முன்பக்கம் ‘டக் டக்’ என்று சத்தமும் வருகிறது. மாஸ்டர் சிலிண்டரையும் முன் சஸ்பென்ஷனையும் முழு செட்டாக மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். எனக்கு ஸ்பேனர் பிடித்துப் பழக்கம் உண்டு. நானே செய்யலாமா?

பதில்: பாதிக்கு மேல் நீங்களே செய்யலாம். ஆனால் ஒரு சாமானும் இன்னும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டு தனித்தனிக் கோளாறுகள். சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமலே இரண்டையும் சேர்த்து ‘முழு செட்’ என்று ஒருவர் சொன்னால், என்ன பழுது என்று அவர் இன்னும் தேடவே இல்லை. சாமான் கடைக்கும் பட்டறைக்கும் நடுவில் கமிஷன் ஓடும் இடங்களில் இந்தச் சொல் அடிக்கடி கேட்கும். பெரிய பெட்டி விற்றால் பெரிய கமிஷன். பழுது என்னவோ பெரும்பாலும் சின்ன இடத்தில்தான் இருக்கும்.

முதலில் இழுப்பு. வண்டி இடப்பக்கம் போகிறது என்றால் பெரும்பாலும் இடது பிரேக் பிடிக்கிறது, வலது பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. ஆகவே கழற்ற வேண்டியது வலது சக்கரம். பலர் இழுக்கிற பக்கத்தையே பிரித்துப் போட்டு ஒரு நாளை வீணாக்குகிறார்கள். பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தித் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்கு இதில் பங்கில்லை. இந்த மாதிரி வண்டிகளில் முன் சக்கரம் இரண்டுக்கும் ஒரே அறையிலிருந்துதான் அழுத்தம் போகிறது. அது கெட்டால் இரண்டும் சேர்ந்தே தளரும். சந்தேகம் தீர வேண்டுமானால் என்ஜின் ஓடும்போது பெடலை ஒரே சீராக மிதித்து வைத்திருங்கள். வெளியே எங்கும் கசிவில்லாமல் பெடல் மெல்ல மெல்ல இறங்கினால்தான் மாஸ்டர் சிலிண்டரைப் பற்றிப் பேச வேண்டும்.

கெட்டியான சமதரையில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். அதை நம்பி வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

இப்போது காலிப்பர், அதாவது பேட் என்கிற தேய்கட்டைகளால் டிஸ்க்கை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பாகம். அது முன்னும் பின்னும் நகர்வது இரண்டு பின்களின் மேல். கிரீஸ் காய்ந்து அவை இறுகிவிட்டால் ஒரு பக்க பேட் தேயும், மறுபக்க பேட் அப்படியே இருக்கும். கழற்றித் துடைத்து, ரப்பருக்கு ஒத்துப்போகிற பிரேக் கிரீஸ் போட்டாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். காலிப்பரை அதன் ஆயில் குழாயான ஹோஸில் தொங்க விடாதீர்கள், கம்பியால் கட்டி வையுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனதைக் கடைந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். பேட் மாற்றினால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள்.

அடுத்து ஹோஸ். எல்லோரும் தாண்டிப் போகிற இடம் இதுதான். வெளியே பார்க்க நன்றாக இருக்கும் ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி, வழியை அடைத்திருக்கும். மிதித்தால் ஆயில் மெதுவாகப் போகும், அதனால் அந்தப் பக்கம் தாமதமாகப் பிடிக்கும். காலை எடுத்த பிறகு ஆயில் திரும்பி வராது, பிரேக் விடாது. ஆகவே உங்கள் வண்டி பிரேக் போடும்போது இடப்பக்கமும், விட்ட பிறகு வலப்பக்கமும் இழுக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் வலது ஹோஸ்தான் முதல் சந்தேகம். உறுதி செய்ய, பெடலை நன்றாக மிதித்துவிட்டு, சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லையென்றால் காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் திருகான பிளீடர் நிப்பிளை லேசாகத் திறங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து சக்கரம் விடுபட்டால் உள்ளே அழுத்தம் சிக்கியிருந்தது என்று அர்த்தம். திறந்தும் விடவில்லையா? அப்போது காலிப்பரின் பிஸ்டனோ பின்னோ இறுகியிருக்கிறது. இந்தச் சோதனைக்குக் கொஞ்ச நேரம்கூட ஆகாது. அது தெரியாமல் எத்தனை நல்ல மாஸ்டர் சிலிண்டர்கள் பழைய இரும்புக்குப் போயின என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

ஹோஸ் மாற்றினால் ஏர் எடுக்க வேண்டும், அதாவது உள்ளே புகுந்த காற்றை நிப்பிள் வழியாக வெளியேற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி அருகிலுள்ளதில் முடியுங்கள். பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்காதீர்கள். சிலிண்டரின் அடிப்பகுதி வருடக்கணக்கில் பயன்படாமல் துருவேறிக் கிடக்கும். அங்கே போய் உரசினால் நல்ல ரப்பர் வாஷரும் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள். பிரேக் ஆயில் மூடியில் போட்டிருக்கிற வகைதான் வேண்டும். டாட் 3, டாட் 4 என்ற ஆயில் வகைகள் இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறியதும் அந்த அளவு 140க்கு இறங்கிவிடும். ஆகவே திறந்து வைத்த டப்பாவிலிருந்து ஊற்றிக் கொடுப்பதை வாங்காதீர்கள். என்ஜின் ஆயில், டீசல் ஒரு துளி விழுந்தாலும் ரப்பர் ஊதிப் போகும்.

அப்புறம் சத்தம். ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு), ஷாக் அப்சார்பரின் மேல் கீழ் புஷ்கள் (ரப்பர் உறைகள்), இவற்றைக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். தட்டும் சத்தம் பெரும்பாலும் இவற்றிலிருந்துதான் வரும், இவற்றை மாற்றுவதும் எளிது. சக்கரப் பக்கத்தை ஆர்மோடு (சக்கரத்தைத் தாங்கும் கையோடு) இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்டைப் பார்க்க, ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருந்தால் ஜாக்கியைக் கீழ் ஆர்மின் அடியில் வையுங்கள். வண்டியின் சேசிஸ் சட்டத்தைத் தூக்கினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் ஆட்டத்தை மறைத்துவிடும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங், நிற்கவில்லையென்றால் பால் ஜாயின்ட். இந்த ஒரு சோதனை செய்யாமலே பேரிங்கை மாற்றிப் பணம் வாங்குபவர்கள் உண்டு.

நீங்கள் செய்யக் கூடாத ஒன்று, அந்தச் சுருள் ஸ்பிரிங்கை வெளியே எடுப்பது. வண்டி முன்பக்க எடையைத் தாங்க எவ்வளவு அழுந்தியிருக்கிறதோ அவ்வளவும் அதற்குள் அடைந்து கிடக்கிறது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினாலும் அது முழுதாகத் தளராது. கீழ் ஆர்முக்கு முட்டுக் கொடுக்காமல் பால் ஜாயின்ட் நட்டைக் கழற்றினால் ஆர்ம் கீழே அடித்து, ஸ்பிரிங் பறந்து வரும். கைவிரலோடு போகாது, ஆளையே கொல்லும். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்க வாடகைக்குக் கிடைக்கும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரசரின் மரைகள் தேய்ந்திருக்கிறதா என்று உங்களால் சொல்ல முடியாது, தருபவரும் சொல்ல மாட்டார். இந்த வேலையை ஒருமுறை பார்த்தவர் பக்கத்தில் நிற்கிறார், இரண்டு பேர் இருக்கிறோம், மெதுவாக இறக்கலாம் என்றெல்லாம் தோன்றும். வேண்டாம். அந்த ஒரு வேலையை மட்டும் கூலி கொடுத்துச் செய்யுங்கள்.

கீழ் ஆர்ம் புஷ் போயிருந்தால் இன்னொரு எரிச்சல் காத்திருக்கிறது. பல கம்பெனிகள் ஒரு ரப்பர் புஷ்ஷைத் தனியாக விற்பதில்லை, முழு ஆர்மாகத்தான் தருகின்றன. பழைய வண்டியைச் சரிசெய்து ஓட்ட நினைப்பவனை இப்படித் தண்டிப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. யார் மாட்டினாலும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: புஷ் போல்ட்டின் கடைசி இறுக்கம், சக்கரம் தரையில் இருந்து வண்டியின் எடை முழுதும் அதன் மேல் நிற்கும்போதுதான். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகியபடியே வேலை செய்து சில மாதத்தில் கிழியும். அப்போது சாமான் மட்டம் என்று உங்களிடமே சொல்வார்கள்.

வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். காலியான இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். 100 கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். ஸ்டீரிங் அலைன்மென்ட் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். பால் ஜாயின்டில் ஆட்டத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் பார்த்தால், அந்த அளவு அடுத்த பள்ளம் வரைக்கும்தான் நிற்கும்.