மைலேஜ் கம்மியான காருக்கு என்ன தண்டனை? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மச்சான் ஒரு பெரிய எஸ்யூவி வாங்கிருக்கார். சிட்டில லிட்டருக்கு 8 தான் குடுக்குது, அதப் பெருமையா வேற சொல்லிக்கிறார். இந்த மாதிரி வண்டிய கவர்மென்ட் ஒரேயடியா தடை பண்ணிட்டா என்ன?
வாசகர், ஈரோடு

பதில்: மச்சான் மூஞ்சிக்கு நேரா கேக்க முடியலன்னு இங்க கேக்குறீங்க, புரியுது. பெரும்பாலான நாடுங்க தடைங்குற பக்கம் போறதில்ல, கம்பெனி கழுத்துலதான் கை வைக்குது. நம்மூர்லயும் கஃபே நார்ம்ஸ்னு ஒன்னு இருக்கு. ஒரு கம்பெனி வருஷம் பூரா வித்த கார் எல்லாத்தையும் சேத்து சராசரி எடுத்துப் பாப்பாங்க. 2017லேருந்து அந்த சராசரி கிலோமீட்டருக்கு 130 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்கு மேல போகக்கூடாதுன்னு வெச்சிருந்தாங்க, 2022-23லேருந்து 113 கிராம். பெட்ரோல் கணக்குல சொன்னா லிட்டருக்கு கிட்டத்தட்ட 21 கிலோமீட்டர். சரி, அப்போ மச்சான் வண்டி எப்டி ஷோரூம்ல நிக்குதுன்னு கேப்பீங்க. சராசரிதானே, அதே கம்பெனி சின்ன காரையும் சிஎன்ஜி காரையும் வித்து இத ஈடுகட்டிக்கும். போதாததுக்கு ஒரு எலக்ட்ரிக் கார் வித்தா கணக்குல 3 கார் வித்ததா எடுத்துக்குவாங்க. இன்னொன்னு, வண்டிங்க சராசரி எடை கூடக் கூட அந்தக் கம்பெனிக்கு இலக்கும் கொஞ்சம் தளர்ந்துடும், அதாவது கனமான வண்டியா செஞ்சா பரீட்சைல பாஸ் மார்க்க குறைச்சுக் குடுக்குறாங்க, எனக்கு இதுதான் பிடிக்கல. 2022ல சட்டத்த திருத்தி அபராதம் வெச்சாங்க: 100 கிலோமீட்டருக்கு 0.2 லிட்டர் வரைக்கும் தாண்டினா வித்த ஒவ்வொரு காருக்கும் 25,000 ரூபாய், அதுக்கு மேல போனா 50,000. லட்சக்கணக்குல கார் விக்கிற கம்பெனிக்கு இது சும்மா இல்ல.

கேள்வி: ஏற்கனவே பெரிய காருக்கு 40 சதவீதம் ஜிஎஸ்டி போட்டு உருவுறாங்களே சார், இன்னும் என்ன பண்ணணும்?
வாசகர், மதுரை

பதில்: அந்த 40 சதவீதம் எத வெச்சுப் போடுறாங்கன்னு பாருங்க, அங்கதான் கூத்தே இருக்கு. நீளம் 4 மீட்டருக்குள்ள, பெட்ரோல் இன்ஜின்னா 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500க்குள்ள இருந்தா சின்ன கார், 2025 செப்டம்பர் 22லேருந்து அதுக்கு 18 சதவீதம். எலக்ட்ரிக் தவிர மத்ததெல்லாம் 40. எவ்ளோ குடிக்குதுன்னு எந்த எடத்துலயும் கேக்கல! பெட்ரோல் இன்ஜினோட மின் மோட்டாரும் சேந்து ஓட்டுற ஸ்ட்ராங் ஹைப்ரிட் கிராண்ட் விட்டாரா லிட்டருக்கு 27.97 குடுக்கும்னு சர்டிஃபிகேட் வாங்கின வண்டி, ஆனா 4 மீட்டர தாண்டிடுச்சு, இன்ஜின் 1500 சிசி, அதனால அதுக்கும் 40, ஈரோட்டுக்காரர் மச்சானோட லிட்டருக்கு 8 குடுக்குற வண்டிக்கும் அதே 40.

இந்த 4 மீட்டர் கத இன்னிக்கு நேத்து வந்ததில்ல, 2006 பட்ஜெட்ல சின்ன காருக்கு எக்சைஸ் டியூட்டிய கொறைச்சப்போ ஆரம்பிச்சது. உடனே கம்பெனிக்காரங்க என்ன பண்ணாங்க? இன்ஜின தொடல, டேப்ப எடுத்துட்டு டிக்கிக்கு போயிட்டாங்க. 2008ல இண்டிகோ சிஎஸ் வந்துச்சு, 2012ல டிசையர் டிக்கிய வெட்டி 3995 மில்லிமீட்டர்ல நிறுத்தினாங்க, 2016ல பொலேரோவே பம்பர சுருக்கிக்கிட்டு 3995க்கு வந்துச்சு. பழைய டிசையரையும் 2012 டிசையரையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி பின்பக்கம் பாத்தீங்கன்னா தெரியும், பின் கண்ணாடி முடிஞ்ச எடத்துலயே டிக்கியும் முடிஞ்ச மாதிரி இருக்கும். அந்த ஷேப்ப முடிவு பண்ணது டிசைனர்னு நெனைக்கிறீங்களா, வரித்துறைங்க.

தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸும் அப்டித்தான், விலைய பாத்துப் போடுறது, 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல 20. அது பணக்காரன்கிட்ட கூடுதலா வாங்குற வரி, அதுல தப்பில்ல, ஆனா பெட்ரோலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

கேள்வி: அமெரிக்காவுல சட்டமெல்லாம் கறாரா இருக்கும்பாங்க. அங்க எப்டி ரோடு பூரா பிக்கப் டிரக்கும் எஸ்யூவியுமா ஓடுது?
வாசகர், நாகர்கோவில்

பதில்: சட்டம் கறார்தான், ஓட்டைய அதுலயே வெச்சு தெச்சுட்டாங்க. 1973ல அரபு நாடுங்க எண்ணெய நிறுத்தினதும் பங்க்ல க்யூ நின்னு நொந்துபோயி 1975ல சராசரி மைலேஜ் சட்டம் கொண்டுவந்தாங்க, 1985க்குள்ள கார்னா கேலனுக்கு 27.5 மைல், நம்ம கணக்குல லிட்டருக்கு 11.7 கிலோமீட்டர். 1978ல அதிகமா குடிக்கிற காருக்குன்னே தனி வரியும் போட்டாங்க, இப்போ கேலனுக்கு 22.5 மைலுக்கு கீழ போனா 1,000 டாலர்ல ஆரம்பிச்சு 7,700 வரைக்கும். ஷோரூம்ல கார் கண்ணாடில ஒட்டுற ஸ்டிக்கர்லயே அந்தத் தொகைய போடணும். நல்ல ஏற்பாடுதான். ஆனா 'லைட் டிரக்'க அந்த வரிலேருந்து விட்டுட்டாங்க, மைலேஜ் இலக்கும் அதுக்குத் தனியா லேசா வெச்சாங்க, விவசாயி, கொத்தனார் ஓட்டுற வண்டி பாவம்னு.

அப்புறம் என்ன, கம்பெனிங்க குடும்பத்தையே டிரக்குல ஏத்திட்டாங்க. மினிவேனும் எஸ்யூவியும் காகிதத்துல டிரக். கிரைஸ்லரோட பிடி க்ரூசர், பாக்க அந்தக் கால கார் மாதிரி குட்டியா இருக்கும், பின்சீட்ட கழட்டினா தரை சமமா வருதுன்னு அதுவும் டிரக். சுபாரு அவுட்பேக்க தரைலேருந்து கொஞ்சம் தூக்கி வெச்சு டிரக் ஆக்கினாங்க. பிறகு நாலு டயருக்கும் நடுவுல அடங்குற எடத்தோட பரப்பளவ வெச்சு இலக்கு வெச்சாங்க, பெரிய வண்டிக்கு லேசான இலக்கு, வண்டிய பெருசாக்க இன்னொரு காரணம். 2025ல அந்த சராசரி சட்டத்த மீறினா கட்ட வேண்டிய அபராதத்தையே பூஜ்யமாக்கிட்டாங்க, சட்டம் மட்டும் புக்ல இருக்கு.

கேள்வி: பெட்ரோல் நூறு ரூபாய தாண்டிப் போச்சு. அதிகமா குடிக்கிற வண்டிய வாங்கினவன் அவனே அனுபவிக்கிறான். அதுக்கு மேல கவர்மென்ட் எதுக்கு மூக்க நுழைக்கணும்?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: கேக்க நியாயமா இருக்கு, ஆனா அனுபவிக்கிறவன் வேற ஆள். 40 லட்சம் குடுத்து வாங்குறவர் மைலேஜ் பாக்க மாட்டார், நாலஞ்சு வருஷத்துல வித்துட்டு அடுத்ததுக்குப் போயிடுவார். அந்த வண்டி செகண்ட் ஹேண்ட், தேர்ட் ஹேண்ட்னு எறங்கி, பெரிய வண்டிமேல ஆசப்பட்ட யாரோ ஒருத்தர்கிட்ட இன்னும் பத்து வருஷம் ஓடும், பங்க்ல 500 ரூபாய்க்குப் போடுங்கன்னு சொல்றது அவர்தான். செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவர் புது வண்டியோட இன்ஜின் எப்டி இருக்கணும்னு கம்பெனிக்கு சொல்ல முடியாது, முதல் ஓனர் சொல்லலாம், ஆனா அவருக்குக் கவலை இல்ல. அதனாலதான் ஃபேக்டரி வாசல்லயே விதி வேணும்ங்குறேன்.

கேள்வி: கம்பெனி 22ன்னு சொல்லுது, எனக்கு 15 தாண்டல. இந்த நம்பர வெச்சா வரி போடுவாங்க?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்த 22 லேப்ல உருளைமேல ஓட்டி எடுத்தது, ஸ்பீடு 90க்கு மேல போகாது, ஏசி கெடையாது. நம்ம மே மாசத்துல ஏசி இல்லாம யார் ஓட்டுறா? ஐரோப்பால புது கார் எல்லாத்துலயும் எவ்ளோ எரிச்சதுன்னு கணக்கு வெக்கிற மீட்டர் இருக்கு. 2024ல அந்தக் கணக்க வெளியிட்டாங்க. பெட்ரோல், டீசல் கார் லேப் கணக்க விட சுமார் 20 சதவீதம் கூட, சார்ஜ் போட்டும் பெட்ரோல்லயும் ஓடுற ப்ளக்-இன் ஹைப்ரிட் சராசரியா மூணரை மடங்கு. சார்ஜ் போடாமலே ஓட்டுறாங்க போல. இங்கயும் அந்த மீட்டர் வந்தாதான் வரியில நியாயம் இருக்கும், அதுவரைக்கும் நீங்க டேங்க் டு டேங்க் போட்டுப் பாக்குறதுதான் நம்பர்.

கேள்வி: சரி, நீங்க மந்திரியானா என்ன பண்ணுவீங்க?
வாசகி, திருநெல்வேலி

பதில்: லிட்டருக்கு எவ்ளோ ஓடும்ங்குற கணக்க தூக்கிட்டு 100 கிலோமீட்டருக்கு எவ்ளோ லிட்டர்னு மாத்துவேன். ஏன்னா நம்ம கணக்கு ஏமாத்தும். 1000 கிலோமீட்டர் ஓட்டுறோம்னு வைங்க. லிட்டருக்கு 20 குடுக்குற கார 25 ஆக்கினா 10 லிட்டர் மிச்சம். 8 குடுக்குறத 10 ஆக்கினா 25 லிட்டர் மிச்சம், வெறும் ரெண்டு கிலோமீட்டர்தான் கூடியிருக்கு! கடிவாளம் மோசமான வண்டிக்குத்தான் முதல்ல போடணும், நாம சின்ன கார வெச்சுக்கிட்டு அதுக்கு கார்பன் கணக்குல எத்தன கிராம் சலுகைன்னு சண்ட போட்டுக்கிட்டிருக்கோம்.

வரியும் எரிக்கிற அளவுக்குத் தக்க படிப்படியா ஏறணும், 4 மீட்டர் மாதிரி ஒரு கோடு கிழிச்சா கோட்டுக்கு இந்தப்பக்கம் கூட்டமா வந்து நிப்பாங்க. பிரான்ஸ்ல 2008லேருந்து வாங்கும்போதே போடுறாங்க. 2025 மார்ச் கணக்குப்படி கிலோமீட்டருக்கு 113 கிராம் கார்பன் டை ஆக்சைடுல 50 யூரோ, ஒவ்வொரு கிராமுக்கும் ஏறி, 192 தாண்டினா 70,000 யூரோ. நீளம் பத்திப் பேச்சே இல்ல. மின்சார காருக்கு 5 சதவீத ஜிஎஸ்டி இருக்கே, அத அப்டியே விட்டுடுவேன்.

கேள்வி: கூட்டுக்குடும்பம் சார் எங்களோடது. சின்ன கார்ல எல்லாரும் எப்டிப் போறது?
வாசகர், காரைக்குடி

பதில்: பிரான்ஸ்காரனும் இத யோசிச்சிருக்கான். மூணு பிள்ளையோ அதுக்கு மேலயோ இருக்குற குடும்பம் அஞ்சு சீட்டோ அதுக்கு மேலயோ உள்ள வண்டி வாங்கினா, பிள்ளைக்கு 20 கிராம் வீதம் கழிச்சுக் கணக்குப் போட்டு வரி வாங்குறான். நம்ம ஊர்ல அத்த, சித்தப்பா, தாத்தாவையும் சேத்துக்கணும், ரேஷன் கார்டு காட்டினா போதும்னு வெச்சா ஆச்சு.