கசியும் வாயுவும் வாடைக்காற்றும்

அன்புள்ள ஐயா,

பாம்பனில் இருபத்தெட்டு ஆண்டுகளாக ஃபிரிட்ஜ், ஏசி பழுது பார்க்கிறேன். உப்புக்காற்று குழாயை அரித்துவிடுவதால் கேஸ் நிரப்புவதே என் பிழைப்பில் பாதி. விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதனைப் பற்றி நீங்கள் எழுதியதை, இயற்பியல் படிக்கும் என் மகள் வாசித்துக் காட்டினாள். ஊசித்துளையில் கசிகிற வாயு உலகத்தைச் சூடாக்கும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அவளோ வளிமண்டல அறிவியல்தான் படிப்பேன் என்கிறாள். “காற்றைப் பார்த்து மழை சொல்ல உன் தாத்தா எந்தக் கல்லூரிக்குப் போனார்?” என்று அவள் பெரியப்பா கேலி செய்கிறார். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். பழைய ஃபிரிட்ஜ்களுக்கு நிரப்பும் ஆர்-12 வாயு சிலிண்டர் ஒன்றும் கடை மூலையில் கிடக்கிறது, அதை என்ன செய்வது?

பாம்பன் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் குழாய் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவிவிட்டு, எங்கே குமிழ் எழுகிறது என்று கண்ணிமைக்காமல் பார்த்திருப்பீர்களே, ராமநாதனின் முதல் வேலையும் ஏறத்தாழ அதுதான். 1965இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்தவர், செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டி செய்யும் நிறுவனமொன்றில், உள்ளே அடைத்த வாயு ஏன் இவ்வளவு விரைவில் வெளியேறுகிறது என்று ஆராய அமர்த்தப்பட்டார். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் வழியாக அமெரிக்கா சென்று, செவ்வாய், வெள்ளி போன்ற கோள்களின் வளிமண்டலத்தை ஆராய்ந்து 1974இல் முனைவரானார். அதே ஆண்டில்தான், குளிர்பதனப் பெட்டி வாயுக்கள் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் எழுதினார்கள். இரண்டு அறிவும் ஒரே ஆளிடம் இருந்ததால், அந்த வாயு வெப்பத்தை என்ன செய்யும் என்ற கேள்வி அவருக்குத் தோன்றியது. அந்த வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயு மூலக்கூறைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது என்று 1975இல் வெளியிட்டார்.

உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். பூமி வெளிவிடும் வெப்பக் கதிர்களில் பெரும்பகுதியை நீராவியும் கரியமில வாயுவும் ஏற்கெனவே பிடித்துக்கொள்கின்றன. ஆனால் 8 முதல் 12 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளத்தில் அவற்றின் பிடி தளர்வு. நெருக்கமாகக் கட்டிய வலையில் ஓரிடம் மட்டும் கிழிந்திருந்தால் மீன் அந்த வழியாகத்தான் தப்பும். அங்கே நாலு கண்ணி போட்டாலே வித்தியாசம் தெரியும். ஆர்-12 போன்றவை சரியாக அந்தக் கிழிசலில் போய் உட்காருகின்றன. ஏறத்தாழ நூறாண்டுகள் காற்றிலேயே தங்கியும் விடுகின்றன.

பெரியப்பாவின் கேலியைத் தள்ளிவிடாதீர்கள், அதில் ஒரு நியாயம் உண்டு. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்துப் பிழைத்தவர்கள் உங்கள் கடற்கரைக்காரர்கள். நாளைக்குக் கடலுக்குப் போகலாமா என்பதற்கு அந்த அறிவு போதும். ஆனால் அந்த வாடை எதைச் சுமந்து வருகிறது? 1999 ஜனவரி முதல் மார்ச் வரை, வளிமண்டல விஞ்ஞானி பால் குருட்சனும் ராமநாதனும் தலைமையேற்ற ஆய்வுக்குழு மாலத்தீவைத் தளமாகக் கொண்டு, விமானங்களும் கப்பல்களும் செயற்கைக்கோள்களும் கொண்டு இந்தியப் பெருங்கடலின் காற்றை அளந்தது. நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் அந்த வடகிழக்குக் காற்றில், விறகடுப்பு, டீசல், நிலக்கரி ஆகியவற்றின் புகை மூன்று கிலோமீட்டர் உயரம் வரை பழுப்பு மூட்டமாய்ப் படர்ந்திருந்தது. கடலை எட்டும் வெயிலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை அது மறைத்தது. திண்ணையிலிருந்து பார்க்கிறவருக்கு அது வெறும் பனிமூட்டம்தான்.

மகளுக்குக் கணிதத்தில் விருப்பம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள், ஏனென்றால் இத்துறையின் பெரும்பகுதி சமன்பாடுகள்தான். பொறுமையும் வேண்டும்: புவி சூடேறுவது 2000ஆம் ஆண்டுவாக்கில் கண்கூடாகத் தெரியும் என்று ராமநாதனும் சக விஞ்ஞானி மேடனும் 1980இல் கணித்தார்கள், அது சரியென்று காண அவர்கள் இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வானிலையியல் முதுகலை இருக்கிறது. பிறகு புணேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ஆராய்ச்சிக்கு இருக்கின்றன.

சிலிண்டரைப் பற்றி: இடத்தை அடைக்கிறதே என்று வால்வைத் திறந்துவிடாதீர்கள். வாயுவை மீட்டெடுக்கும் வசதியுள்ளவரிடம் அப்படியே ஒப்படைத்துவிடுங்கள்.