திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு?

கேள்வி: எனக்கு 46 வயது. மதுரையில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் கிராமத்தில், தம்பி வீட்டில் அப்பா இருக்கிறார். இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மாதம் ஒரு ஞாயிறு போய்ப் பார்க்கிறேன், பணமும் அனுப்புகிறேன். போய்வந்தால் இரண்டு நாளைக்கு மனசு கனத்துக் கிடக்கிறது. உணர்வுகளை விலகி நின்று சாட்சியாகப் பார்க்க ஒரு தியான வகுப்பில் கற்றுக்கொண்டேன். ஆபீஸ் கோபத்துக்கு அது நன்றாகவே உதவுகிறது. இந்தக் குற்ற உணர்வு மட்டும் எவ்வளவு கவனித்தாலும் போவதில்லை. இத்தனைக்கும் அங்கே நான் அதிக நேரம் இருப்பதில்லை. செருப்பைக் கழற்றும்போதே, திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று தம்பி மகனிடம் கேட்டுக்கொள்வேன். நேர்மறையாகச் சிந்திக்க இன்னும் என்ன பயிற்சி செய்யலாம்?
– பெயர் வேண்டாம், கோச்சடை.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த பஸ் வரியைத்தான். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள்.

கிராமத்து வீட்டில் வாசலுக்கும் அப்பா கட்டிலுக்கும் எத்தனை அடி தூரம் இருக்கும்? அவருக்கு விழுந்தது கையும் காலும். காது நன்றாகக் கேட்கும். ஒரு மாதமாக நாளை எண்ணிக்கொண்டு கிடக்கிற மனுஷர், மகன் குரல் வாசலில் கேட்டதும் தலையைத் திருப்பியிருப்பார். அவர் காதில் முதலில் விழுவது, நீங்கள் கிளம்பப்போகும் நேரம். "வந்துட்டேம்ப்பா" என்று சொல்வதற்கு முன்னால் அதைக் கேட்டுவிடுகிறீர்கள். அதுவும் யாரிடம்? தம்பி மகனிடம். பெரியப்பா வந்தால் என்ன கேட்பார் என்று அந்தப் பையனுக்கு இப்போது மனப்பாடமாகியிருக்கும். பெத்தவரை எப்படிப் பார்க்க வரவேண்டும் என்பதை அவன் உங்களிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறான்.

உங்கள் ஊருக்கு டவுன் பஸ் குறைவாக இருக்கலாம். உசிலம்பட்டி வந்து சேர்ந்துவிட்டால் ஆரப்பாளையத்துக்கு வண்டிக்குப் பஞ்சமா? பஸ் கிடைக்காது என்கிற பயத்தில் நீங்கள் கேட்கவில்லை. உள்ளே போவதற்கு முன்பே வெளியே வரும் வழியைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. செருப்பைக் கழற்றுகிற அந்த நிமிஷத்தில் நெஞ்சுக்குள் என்ன ஓடியது? அதை ஒரு தடவையாவது கவனித்தீர்களா? நீங்கள் கவனிக்க ஆரம்பிப்பதே திரும்பி வரும்போது, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து, செக்கானூரணி தாண்டின பிறகு. அப்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

நீங்கள் கற்ற பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. அந்த மாதிரிப் பயிற்சி ஆஸ்பத்திரிக்குள் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1979-இல் ஜான் கபாட்-ஜின் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் இதைச் சில வாரப் பயிற்சியாக அமைத்தார். மருந்து கொடுத்தும் தீராத வலியோடு இருந்த நோயாளிகள்தான் அவரிடம் வந்தார்கள். வலியை விட்டு எழுந்து போக முடியாதவர்கள். ஓடாமல் அதன் பக்கத்திலேயே இருக்கக் கற்றுக்கொடுத்த பயிற்சி அது. அதை வைத்துக்கொண்டு நீங்கள் அப்பாவை விட்டு எழுந்து வருகிறீர்கள்.

இன்னொன்று. உணர்வுக்குப் பெயர் வைக்கச் சொல்லியிருப்பார்கள். அதில் அர்த்தம் இருக்கிறது. கலிபோர்னியாவில் நடந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், கோபமான, பயந்த முகங்களின் படங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்வுக்கு இன்ன பெயர் என்று சொன்னபோது, பயம் போன்ற உணர்வுகளுக்குப் பரபரக்கிற, மூளையின் அமிக்டலா என்கிற பகுதியின் பரபரப்பு குறைந்தது. ஆனால் பெயர் சரியாக இருக்கவேண்டும். நீங்கள் எல்லாவற்றையும் 'குற்ற உணர்வு' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருக்கிறீர்கள். பிரித்துப் பாருங்கள். அந்த அறையின் மூத்திர வாடையில் வருகிற அருவருப்பு இருக்கலாம். நாளைக்கு நமக்கும் இதே கதிதானோ என்கிற பயம் இருக்கலாம். தம்பி பெண்டாட்டி முன்னால் நிற்கும்போது வருகிற வெட்கம் கட்டாயம் இருக்கும். அருவருப்பும் பயமும் பழகப் பழகக் குறையும். வெட்கம் குறையாது. குறையவும் கூடாது. பெத்தவருக்குச் செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறது என்று அது சொல்கிறது. இதை எதிர்மறை எண்ணம் என்று எந்த வகுப்பில் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது போய்விட்டது என்று நீங்கள் எழுதியிருந்தால் உங்களைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்திருக்கும்.

விலகி நின்று பார்ப்பதைப் பற்றி மதுரைக்காரருக்கு வெளியூர்க்காரர் சொல்ல வேண்டியதில்லை. நம் சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில் 1896-இல் ஒரு 16 வயதுப் பையனை மரண பயம் பிடித்தது. அவன் பிணம்போலப் படுத்து அந்தப் பயத்தை முழுசாகப் பார்த்தான். அதே வருடம் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போய்விட்டான். அவர்தான் ரமணர். 1898-இல் அம்மா அழகம்மாள் தேடிப்போய் அழுது கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. பிறகு 1916-இல் அம்மா அவரோடு இருக்கவே போய்ச் சேர்ந்தார். 1922 மே 19 அன்று அந்த அம்மா கடைசி மூச்சோடு போராடியபோது, மகன் ஒரு கையை அவர் மார்பிலும் மறு கையைத் தலையிலும் வைத்து, மூச்சு அடங்கும்வரை மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருந்தார். எல்லாப் பற்றையும் விட்ட துறவி அவர். நீங்கள் சம்சாரி.

அப்பாவின் இடது கையைக் கடைசியாக எப்போது தொட்டீர்கள்? பக்கவாதம் வந்து நாளானால் பலருக்கு விரல்கள் மடங்கி இறுகிவிடும். உள்ளங்கையில் வேர்வை தேங்கி நாறும், நகம் வளர்ந்து சதையில் குத்தும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, வெடுக்கென்று இழுக்காமல், விரல் விரலாக மெதுவாகப் பிரித்துத் துடைக்கவேண்டும். ஈரம் போக ஒற்றி எடுத்து நகத்தை வெட்டவேண்டும். அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம் உங்களுக்குள் என்னென்ன வருகிறதோ அத்தனையையும் கவனியுங்கள். முகம் சுளிக்கத் தோன்றினால் அதையும் கவனியுங்கள். கை மட்டும் வேலையை விடக்கூடாது. நீங்கள் கேட்ட பயிற்சி இதுதான்.

இந்தக் கையை இரண்டு வருடமாக யார் துடைக்கிறார்? புண் வராமல் ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை யார் எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைக்கிறார்? கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன், தம்பி பெண்டாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பணம் அனுப்புவது சரி, அதை நிறுத்தாதீர்கள். ஆனால் அவளுக்கு வேண்டியது தூக்கம்.

வரும் சனிக்கிழமை சாயங்காலமே கிளம்புங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு. ராத்திரி அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு நீங்கள் படுங்கள். தம்பியையும் அவன் பெண்டாட்டியையும் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூட லீவு வந்ததும் ஆபீஸில் பத்து நாள் லீவு எழுதிக்கொடுங்கள். "பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வாம்மா, நாங்க பாத்துக்கிடுறோம்" என்று நீங்களே அவளிடம் நேரில் சொல்லவேண்டும். தம்பி மூலமாகச் சொல்லி அனுப்பாதீர்கள்.