குடிக்கு அடிமையான தந்தையைக் காட்டும் தமிழ்ப் படங்களில் உங்களுக்கு உண்மையாகத் தோன்றியது எது?

2025 ஜனவரியில் வெளிவந்த ‘பாட்டல் ராதா’. தினகரன் சிவலிங்கம் இயக்கிய அந்தப் படத்தில், குடியை விட முடியாத ஒரு கட்டடத் தொழிலாளியாகக் குரு சோமசுந்தரம் நடித்திருக்கிறார். அவரை மறுவாழ்வு மையத்தில் சேர்க்கும் மனைவி அஞ்சலமாக வருபவர் சஞ்சனா நடராஜன். மற்றப் படங்களில் குடிகாரத் தந்தை சிரிக்க வைப்பதற்கு வருவார், இல்லையென்றால் இடைவேளைக்குள் செத்துப்போவார். இந்தப் படம் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்கிறது.

நான் காவேரிப்பட்டணத்துக்கு அருகே வளர்ந்தவன். அப்பா பெங்களூரில் கொத்து வேலை செய்த மேஸ்திரி. சனிக்கிழமை வாரக் கூலியை வாங்கிக்கொண்டு கிருஷ்ணகிரியில் பேருந்து மாறி வந்து, கடைவீதியில் விட்டுச்சென்ற டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு இரவு வீடு சேர்வார். வாசலில் அவர் வண்டிக்கு ஸ்டாண்டு போடும் ஓசையை வைத்தே எங்கள் வீட்டில் எல்லாம் முடிவாகும். ஒரே மிதியில் ஏறிவிட்டால் அம்மா தட்டில் களியைப் போடுவார். இரண்டு மூன்று முறை இழுபட்டால், முந்தானையில் முடிந்திருந்த பணம் ராகி மூட்டைக்குள் போகும். தங்கை புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் பெரியம்மா வீட்டுக்கு நடந்துவிடுவாள். இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கேட்டால் அப்பாவிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: “கவர்மெண்டே விக்குது, வாங்கிக் குடிச்சா மட்டும் தப்பா?” 2003 இறுதியிலிருந்து சில்லறை விற்பனையை டாஸ்மாக்கே நடத்திவருவதால் அந்தக் கேள்விக்கு எங்களிடம் மறுமொழி இருந்ததில்லை. பாட்டி மட்டும் ராஜாஜியை இழுப்பார். அதில் ஒரு நியாயமும் உண்டு: ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த அவர் 1937 அக்டோபரில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான், தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள் இருந்தன.

ஒரு முறை அப்பா கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஒரேயடியாக நிறுத்தினார். மூன்றாம் நாள் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை உதறியது. சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று துண்டால் அடித்துக்கொண்டே இருந்தார். தெருவில் காற்று கருப்பு என்றார்கள், மந்திரிக்க ஆள் பார்த்தார்கள். மருத்துவமனையில்தான் உண்மை தெரிந்தது. பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்த உடலுக்கு மது திடீரென்று நின்றுபோனால், முதல் மூன்று நான்கு நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம், ஆகவே மருத்துவரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும் என்று சொல்லி, மாத்திரையோடு வைட்டமின் பி1 ஊசியும் போட்டார்கள். மன உறுதி இல்லாதவர் என்று அதுவரை அவரை ஏசிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அதன் பிறகும் அவர் இரண்டு முறை சறுக்கினார். ஆகவேதான், போதையில் தள்ளாடும் காட்சிகளைவிட, நிதானத்தில் இருக்கும்போது மனைவி மக்களின் கண்ணைப் பார்க்கக் கூசும் ஒரு மனிதனின் முகத்தைக் குரு சோமசுந்தரம் கொண்டுவந்திருப்பதைப் பெரிதாக நினைக்கிறேன். மையத்துக்குள் நடக்கும் வேடிக்கைகளுக்கு என்னோடு படம் பார்த்த நண்பர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

அப்பா குடியை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது உள்ளூரிலேயே வேலை பார்க்கிறார். பணம் இன்னும் ராகி மூட்டையில்தான் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும், ஆனால் கேட்பதில்லை. மாலையில் வண்டிச் சத்தம் கேட்டதும் அம்மா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பார். ஸ்டாண்டு ஒரே மிதியில் ஏறும். அதற்குப் பிறகுதான் களி தட்டுக்கு வரும்.