விறாந்தை வைத்த வீடுகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருகோணமலையில், டைக் வீதிப் பக்கமாக எங்கள் அம்மம்மா காலத்துக் கல்வீடு ஒன்று இருக்கிறது. முன்னால் மரத்தூண் விறாந்தை, மேலே ஓட்டுக் கூரை, பின்னால் பெரிய வளவு. அதை இடித்து விடுதி கட்டுவதற்கு ஒருவர் விலை பேசுகிறார். வெளிநாட்டில் இருக்கும் தம்பிமார் விற்றுவிடச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் தென்பகுதியில் சவன்னா என்ற பழைய நகரத்தில் இப்படிப்பட்ட வீடுகளை இடிக்காமலே நகரை வளர்த்தார்கள் என்று அங்கு படிக்கும் மகள் சொல்கிறாள். அது உண்மையா? இங்கே நடக்குமா?
(வாசகி, திருகோணமலை)

பதில்: உண்மைதான். ஆனால் சவன்னாக்காரர்களும் முதலில் இடித்தார்கள். இடித்ததைக் கண்டு மனம் நொந்த பிறகுதான் காப்பாற்றத் தொடங்கினார்கள் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள அந்த நகரத்தை 1733 இல் ஜேம்ஸ் ஒக்லதோர்ப் வகுத்தபோது, சில வீடுகளுக்கு நடுவே ஒரு சிறு சதுக்கம் என்ற கணக்கில் வகுத்தார். அவ்வாறு உருவான 24 சதுக்கங்களில் 22 இன்றும் மரநிழலோடு இருக்கின்றன. அவற்றில் ஒன்றான எல்லிஸ் சதுக்கத்தில் பழைய சந்தைக் கட்டடம் நின்றது. வாகனங்கள் பெருகின, கடைக்கு வருபவர்கள் வண்டியை எங்கே விடுவார்கள் என்று கேட்டு, 1954 இல் சந்தையை இடித்துவிட்டு வாகனத் தரிப்பிடக் கட்டடம் ஒன்றைக் கட்டினார்கள். அடுத்த ஆண்டே, 1820 இல் கட்டப்பட்ட டேவன்போர்ட் வீட்டையும் இறுதிச்சடங்கு நடத்தும் மலர்ச்சாலைக்காரர் ஒருவர் வண்டிகள் நிறுத்துவதற்காக விலைக்குக் கேட்டார். அப்போது அந்த வீடு பல குடும்பங்கள் ஒண்டிக் குடியிருந்த, காரை பெயர்ந்த வீடு. சந்தையை இழந்த துக்கம் ஆறாதிருந்த ஏழு பெண்கள் 22,500 டொலர் திரட்டி அதை வாங்கினார்கள். வரலாற்றுச் சவன்னா அறக்கட்டளை 1955 இல் பிறந்தது அப்படித்தான்.

உங்களுக்குப் பயன்படக்கூடியது அவர்கள் அதன்பின் கண்ட வழி. எல்லா வீடுகளையும் வாங்கி அருங்காட்சியகம் ஆக்குவதற்கு எவரிடமும் பணம் இல்லை. ஆகவே ஒரு சுழல்நிதி வைத்தார்கள். விற்பனைக்கு வரும் பழைய வீட்டை அறக்கட்டளை வாங்கும். வெளித்தோற்றத்தை மாற்றக்கூடாது, இடிக்கக்கூடாது, குறித்த காலத்துக்குள் திருத்த வேண்டும் என்ற நிபந்தனைகளை விற்பனை உறுதிப் பத்திரத்திலேயே எழுதி, திருத்தி வாழ விரும்புபவருக்கு விற்கும். வந்த பணத்தில் அடுத்த வீட்டை வாங்கும். இவ்வாறு 400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் நிலைத்தன. அந்தக் காலத்தில் அங்கே சில வீடுகளுக்கு வீடு என்ற விலையைவிடச் செங்கல் என்ற விலையே நன்றாகக் கிடைத்தது. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த மக்களின் கைகள் அறுத்துச் சுட்ட சாம்பல்நிறச் செங்கல் அது. கல்லுக்காக வீட்டை உடைக்கும் ஊரில்தான் இந்த நிதி வேலை செய்தது என்பதை எண்ணும்போது எனக்கு நம்பிக்கை வருகிறது.

எங்கள் ஊரில் அப்படி ஒரு நிதி இல்லாவிட்டாலும், நிபந்தனையை விலைக்கு முன்னே வைப்பதை நீங்களே செய்யலாம். இடிப்பதா, விடுவதா என்ற இரண்டுக்கும் நடுவில் இடம் இருக்கிறது. விறாந்தையும் முன்னறைகளும் கூரைச் சரிவும் வீதிப் பக்கம் அப்படியே நிற்க, விடுதி அறைகள் பின்வளவில் கூரையை மிஞ்சாத உயரத்தில் எழலாம்; முழுவதும் விற்பதற்குப் பதில் நீண்ட குத்தகைக்குக் கொடுக்கலாம். உங்கள் வீதியின் அழகு அடுத்தடுத்த வீடுகளின் விறாந்தைகள் ஒரே வரிசையில் நிற்பதில் இருக்கிறது; நடுவில் ஒன்று போனால் இரு பக்கத்தாருக்கும் விற்கும் எண்ணம் வந்துவிடும். தம்பிமாருடன் பேசும்போது முற்பணம் வாங்குவதற்கு முன்பே ஒரு சட்டத்தரணியிடம் போய், எந்த நிபந்தனை எங்கள் சட்டத்தில் நிற்கும், எது நிற்காது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முற்பணம் கைமாறிய பிறகு கேட்கும் நிபந்தனையை வாங்குபவர் ஏற்கமாட்டார்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டுச் சுவர் எப்போதும் ஈரம் ஊறிக்கொண்டே இருக்கிறது. நான்கு ஆண்டுக்கு முன் சீமெந்து பூசியும் பயனில்லை. இடித்துக் கட்டுவதுதான் மலிவு என்கிறார் மேசன்.
(வாசகர், உவர்மலை)

பதில்: அந்தச் சீமெந்தே காரணமாக இருக்கலாம், ஐயா. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய சுவர், நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தை மேற்பரப்பு வழியாக வெளியே விட்டு உலரும். அதன்மேல் சீமெந்தைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். கடற்கரை ஊராகையால் அதோடு உப்பும் சேரும். உறவினர் வீடொன்றில் நான் பார்த்தேன். இடுப்பளவு உயரத்தில் பூச்சு வயிறு வைத்தாற்போல் உப்பியிருந்தது. விரலால் தட்டியபோது வெற்றுப் பானையின் ஓசை வந்தது. ஒரு துண்டு கழன்று விழுந்த இடத்தில் வெள்ளை உப்பு பூத்து, உள்ளிருந்த சாந்து மாவாக உதிர்ந்தது. சுவரின் கல்லுக்கு ஒரு குறையும் இல்லை. சீமெந்துப் பூச்சைக் கொத்தி எடுத்து, மழையில்லாத மாதங்களில் சுவரை நன்றாக உலரவிட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசி, சுண்ணாம்பே அடித்தார்கள். இறுக்கமான பிளாஸ்டிக் வகைப் பெயின்ற் அடிக்கவில்லை. கூரை ஒழுக்கையும் சுவரோரத்தில் தண்ணீர் தேங்குவதையும் முதலில் நிறுத்தினார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். இளம் மேசன் ஒருவரை அவர்களோடு நிற்க வையுங்கள்; அந்தக் கைவேலை போய்விட்டால் எந்தச் சட்டமும் இந்தச் சுவர்களைக் காக்காது.

கேள்வி: மரபுரிமை, தொல்பொருள் என்ற சொற்களைக் கேட்டாலே காணி போய்விடுமோ என்றுதான் இங்கே பயப்படுகிறோம். கோட்டையும் கோணேசர் கோயிலும் இருக்கின்றன. சாதாரண வீதிகளைக் காக்கப்போய் ஏழைகளை வெளியேற்றுவதில் முடியாதா?
(வாசகர், திருகோணமலை)

பதில்: இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2020 இல் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டபோது, தமிழரும் முஸ்லிம்களும் பெருமளவில் வாழும் மாகாணமாக இருந்தும் தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. அதை நாங்கள் மறக்கவில்லை.

ஆனால் நகரத் தோற்றத்தைக் காப்பது வேறு வேலை. தென்கரோலைனாவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931 இல், அமெரிக்காவிலேயே முதன்முறையாக, ஒரு பழைய குடியிருப்புப் பகுதி முழுவதையும் சட்டத்தால் வரையறுத்தது. வீடு உரிமையாளருடையதாகவே இருந்தது. விற்கலாம், வாடகைக்கு விடலாம். வீதியிலிருந்து தெரியும் பக்கத்தை மாற்றுவதற்கு மட்டும் ஒரு சபையின் அனுமதி வேண்டும். எங்களுக்குப் பொருந்துவது இந்த வகை.

வெளியேற்றம் பற்றி நீங்கள் கேட்டதுதான் எனக்கும் உறுத்துகிறது. சவன்னாவில் பெரிய வீடுகள் காக்கப்பட்ட அதே காலத்தில், கறுப்பின மக்களின் கடைத்தெருவாக விளங்கிய மேற்கு புரோட் வீதி உடைந்தது. நெடுஞ்சாலை மேம்பாலத்துக்காக அங்கிருந்த யூனியன் புகையிரத நிலையத்தை 1963 இல் இடித்தார்கள். அந்த மக்களின் வீதி அழகுப் பட்டியலில் இருக்கவில்லை. அறக்கட்டளையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான லீ அட்லர், 1974 இல் தனியாக ஓர் அமைப்பைத் தொடங்கி, பழைய வீடுகளைத் திருத்தி அங்கேயே வாழ்ந்த குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வாடகைக்குக் கொடுக்க முயன்றார். எங்கள் நாட்டில் காலிக் கோட்டை 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மதில்கள் நிற்கின்றன, ஆனால் உள்ளே பல வீடுகள் வெளியூர்க்காரரின் விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன.

ஆகவே காக்க வேண்டிய இடங்களின் பட்டியல் எழுதும்போது கடற்கரை ஒழுங்கைகளும் சந்தையை அடுத்த சிறு கடைகளும் முதலில் வர வேண்டும் என்பது என் கருத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, ஒவ்வொரு வீட்டின் முன்பக்கத்தையும் படமெடுத்து, யார் எத்தனை தலைமுறையாக அங்கே வாழ்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள் என்பதையும் அவர்களிடமே கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையோ உள்ளூராட்சி சபையோ திட்ட வரைபடத்தைப் பார்வைக்கு வைக்கும் நாளில், அந்தக் கொப்பியோடு வீதியார் எல்லோரும் சேர்ந்து போங்கள்.