பச்சைச் சீருடையும் சிந்துபைரவியும்

அன்புள்ள சார்,

பித்தளை வாத்தியங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் பழைய குடைச்சல் ஒன்று மறுபடி தொடங்கிவிட்டது. 1978 முதல் 1992 வரை ஒஹையோவில் இருந்தேன். ஒரு கோடை இரவு, நண்பர் வீட்டு டிவியில் டிரம் கோர் இறுதிப் போட்டி ஓடியது. மைதானத்தில் அணிவகுத்தபடியே பித்தளை வாத்தியமும் தாளமும் வாசிப்பார்களே, அந்தக் குழுக்களின் போட்டி. எந்த வருடம் என்று நினைவில்லை. ஒரு குழு மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. பச்சைச் சீருடை, எல்லாரும் பையன்கள், எங்கோ தாமரை மொட்டு மாதிரி ஒரு சின்னம். ட்ரம்பெட்டில் இரண்டே பொத்தான்கள் இருந்ததை க்ளோசப்பில் பார்த்தேன். மைதான ஓரத்தில் மரிம்பாவை, அதாவது கோலால் தட்டி வாசிக்கும் மரப்பட்டை வாத்தியத்தை, தரையில் நிறுத்தி வாசித்தார்கள். கடைசிப் பாட்டு அசல் சிந்துபைரவி போல இருந்தது, நடுவில் சாக்ஸஃபோன் குழைந்தது. மெட்டை ஃபோனில் முணுமுணுத்துத் தேடினால் பியானோவும் கிட்டாரும்தான் வருகின்றன. இனிமேல் கண்டுபிடிக்க வழி உண்டா?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

வழி உண்டு. பெரும்பாலும் கண்டுபிடித்தும்விட்டேன் என்றே நினைக்கிறேன். ஆனால் மெட்டை வைத்து இல்லை. மெட்டை வைத்துத் தேடியதுதான் உங்களை இத்தனை நாள் அலைக்கழித்திருக்கிறது.

‘எந்தக் கீர்த்தனை’ என்பதும் ‘எந்த வருஷம், எந்த சபாவில், யார் பாடியது’ என்பதும் வேறு வேறு கேள்விகள் இல்லையா? ஃபோன் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. டிரம் கோரில் அந்த இடைவெளி இன்னும் பெரியது. ஒவ்வொரு குழுவும் அந்தக் கோடைக்கென்றே ஓர் அரேஞ்ச்மென்ட் எழுதி வாங்கும், சீசன் முடிந்ததும் பெரும்பாலும் அதோடு சரி. கடையில் நோட்டாகவும் கிடைக்காது. ஒரே சீசனுக்குள்ளேயே ஜூனில் வாசித்ததை ஆகஸ்டுக்குள் வெட்டி ஒட்டி மாற்றிவிடுவார்கள்.

அதனால் மெட்டை விட்டுவிட்டு, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய விவரங்களைப் பிடித்துக்கொண்டேன். இந்தப் போட்டியை நடத்தும் அமைப்பான டிரம் கோர் இன்டர்நேஷனல் 1972இல் தன் முதல் சாம்பியன்ஷிப்பை நடத்தியது முதல் விதிகளை வருடாவருடம் திருத்திக்கொண்டே வந்திருக்கிறது. அந்த விதிகள் தெரிந்தால், ஒரு காட்சியைப் பார்த்தே அது எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம். நீங்கள் பார்த்தது ட்ரம்பெட் இல்லை, ஜி சுருதியில் அமைந்த பியூகிள், ராணுவ ஊதுகொம்பின் வழிவந்த வாத்தியம். அதற்கு இரண்டு வால்வு (நீங்கள் சொன்ன பொத்தான்) அனுமதி கிடைத்தது 1977இல், மூன்று வால்வுக்கு 1990இல். எந்தச் சுருதியிலும் வாத்தியம் வைத்துக்கொள்ளலாம் என்றானது 2000இல்தான். மரிம்பா, சைலஃபோன் எல்லாம் முன்பு தோளில் மாட்டிக்கொண்டே நடந்தார்கள். ஓரமாகத் தரையில் நிறுத்த விட்டது 1980களின் தொடக்கத்தில். ஆக, உங்கள் பதினான்கு வருடத்தில் மிஞ்சுவது எண்பதுகள் மட்டும். இரண்டு பொத்தானைக் கவனித்த உங்கள் கண்ணுக்கு ஒரு கும்பிடு.

அப்புறம் சீருடை. அன்று முன்வரிசையில் இருந்த குழுக்களில் பையன்கள் மட்டுமே கொண்டவை என்றால் உடனே நினைவுக்கு வருவது இரண்டு: சிகாகோ பக்கத்து கேவலியர்ஸ், விஸ்கான்சினின் மேடிசன் ஸ்கவுட்ஸ். வேடிக்கை என்னவென்றால் இரண்டுக்குமே பச்சைதான். இங்கேதான் உங்கள் தாமரை மொட்டு கைகொடுக்கிறது. அது ஃப்ளூர்-டி-லி என்னும் மூவிதழ்ச் சின்னம். சாரணர் இயக்கத்தின் அடையாளம் அது. சாரணர் வழியில் 1938இல் பிறந்த மேடிசன் ஸ்கவுட்ஸுக்கும் அதுவே அடையாளம்.

மேடிசன், எண்பதுகள், உங்களுக்குச் சிந்துபைரவியாகப் பட்ட கடைசிப் பாட்டில் எனக்குத் தெரியும் ஸ்பெயின் வாடை என்றால் என் பணம் 1988 மீதுதான். கான்சாஸ் சிட்டியின் ஏரோஹெட் ஸ்டேடியத்தில் நடந்த இறுதிப் போட்டி. அந்த வருடம் மேடிசன் ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டியவர்கள் குறைவு. சான்டா கிளாரா வேன்கார்ட் என்ற குழுவை இரண்டாமிடத்துக்குத் தள்ளிவிட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் முடித்த பாட்டு மலகேன்யா.

அதை எழுதியவர் எர்னெஸ்டோ லெக்குவோனா என்ற கியூபாக்காரர். 1920களில் பியானோவுக்காக எழுதிய ‘அந்தலூசியா’ தொகுப்பில் ஒரு பகுதி. உங்கள் காது சிந்துபைரவி என்று சொன்னதில் பெரிய தப்பில்லை. தென் ஸ்பெயின் இசையில் ஷட்ஜத்தை ஒட்டியே ரிஷபம் உட்கார்ந்திருக்கும், நம் சுத்த ரிஷபம் போல. காந்தாரம் இரண்டும் மாறி மாறி வரும். அன்னிய ஸ்வரங்களைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளும் சிந்துபைரவியில் ஊறிய காது அங்கே போய் நிற்பது இயல்புதான். சுத்தமாகத் தோடி என்று நீங்கள் எழுதியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

இடறுவது சாக்ஸஃபோன் ஒன்றுதான். அன்றைய டிரம் கோரில் பித்தளையும் தாளமும் மட்டும்தான், சாக்ஸஃபோன் போல நாணல் வைத்த வாத்தியத்துக்கு அனுமதியே இல்லை. மெல்லஃபோன், பாரிடோன் என்ற பித்தளை வாத்தியங்களில் ஒன்று தாழ்ந்து குழைந்ததை நீங்கள் அப்படிக் கேட்டிருக்கலாம். ஆனால் எனக்கு இன்னொரு சந்தேகம் உண்டு. அறுபதுகளின் தொடக்கத்தில் ஸ்டான் கென்டனின் ஜாஸ் குழு பில் ஹோல்மன் அமைத்த மலகேன்யாவைப் பதிவு செய்தது, அதில் சாக்ஸஃபோன்கள் உண்டு. டிரம் கோர் ரசிகர்களுக்குக் கென்டன் என்றால் உயிர். போட்டி முடிந்ததும் உங்கள் நண்பர் அந்த ரெக்கார்டைப் போட்டாரா என்று கேட்டுப்பாருங்கள். இரண்டும் ஒரே இரவில் கலந்திருந்தால் ஆச்சரியமில்லை.

ஸ்பெயின் வாடைக்காக வேறு சில பெயர்களும் உங்கள் கண்ணில் படும். ப்ளூ டெவில்ஸ் குழு வாசித்த, ஜாஸ் பியானோக்காரர் சிக் கொரியாவின் லா ஃபியெஸ்டா அதில் முக்கியமானது. அருமையான பாட்டு, ஆனால் அந்தக் குழுவின் நிறம் பெயரிலேயே இருக்கிறது. மலகேன்யாவையும் எத்தனையோ குழுக்கள் எடுத்திருக்கின்றன. எனவே வெறும் பாட்டின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். குழு, வருடம், இறுதிப் போட்டி மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். டிவியில் வந்தது இறுதி இரவு என்பதால் ஜூலைப் பதிவு கிடைத்தால் அது உங்களுடையது அல்ல. கிடைத்த வீடியோவில் வாசிப்பவர்கள் முன்னால் மைக் நின்றால் அதையும் தள்ளுங்கள், ஒலிபெருக்கிக்கு அனுமதி வந்தது 2004இல். பதிப்புரிமைத் தகராறால் பழைய வீடியோக்கள் சிலவற்றில் நடுவில் ஒலி அறுந்துவிடும். ஒலிப்பதிவு மட்டும் தனியாகக் கிடைத்தால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹெட்ஃபோன் வேண்டாம். வீட்டில் இருக்கும் பெரிய ஸ்பீக்கரில் வைத்து, கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் முதலில் கேளுங்கள். சோப்ரானோ பியூகிள்கள் உச்சத்தில் கத்த, கூட்டம் அதற்கு மேல் கத்தும். அது இல்லை என்றால் திரும்ப எழுதுங்கள், கேவலியர்ஸ் பக்கம் போய்ப் பார்க்கலாம்.