விடுதிக் கட்டடங்களில் தீ: கேட்டவர்களுக்குப் பதில்கள்

தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது கல்லூரிகளில் பயிற்சி கொடுக்கிறேன். என்னிடம் கேட்ட சில கேள்விகளும் பதில்களும் இங்கே.

மாணவி: ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கெட்டில், அயர்ன் பாக்ஸ் இரண்டையும் போடுகிறோம். ஆபத்தா?

ஆபத்துதான் அம்மா. கெட்டில் 1500 வாட், அயர்ன் பாக்ஸ் 1000 வாட் என்றால் இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 11 ஆம்பியர் இழுக்கும். சாதாரண பாக்ஸ் 6 ஆம்பியருக்குத்தான். கெட்டில் ஒன்றே அதைத் தாண்டிவிடும். பிளக் ஓட்டை பழுப்பேறியிருந்தால் அன்றே தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வார்டன்: பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவே இரவில் பின்படிக்கட்டுக் கதவைப் பூட்டுகிறோம். தவறா?

உங்கள் கவலை நியாயம்தான் மேடம். ஆனால் ஒரு விடுதியில் நான் கண்டதைச் சொல்கிறேன். பின்கதவைத் திறக்கச் சொன்னேன். வாட்ச்மேன் சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பதினோராவது சாவிதான் சேர்ந்தது. பட்டப்பகலில், புகையே இல்லாமல் நாலு நிமிடம் ஆனது. இரவில் விளக்கும் அணைந்து, இருநூறு பிள்ளைகள் பின்னாலிருந்து நெருக்கினால்? நினைக்கவே மனம் பதறுகிறது. 2004-இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். அங்கேயும் தப்பிக்கும் வழி சரியில்லை; படிக்கட்டு ஒடுக்கம்.

பூட்டுக்குப் பதில் பேனிக் பார், அதாவது கதவின் குறுக்கே பொருத்தும் தள்ளுகம்பி, போடுங்கள். உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து யாராலும் திறக்க முடியாது. திறந்ததும் மணி அடிக்கும்படி வைத்தால் உங்கள் கவலையும் தீரும்.

மாணவர்: அலாரம் அடிக்கடி சும்மா அடிக்கிறது. யாரும் எழுந்திருப்பதில்லை.

2000 ஜனவரியில் அமெரிக்காவின் சீட்டன் ஹால் பல்கலைக்கழக விடுதியில் அதிகாலைத் தீயில் மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்கு முன் பலமுறை பொய் அலாரம் அடித்திருந்ததால், அன்றும் அப்படித்தான் என்று பலர் படுத்தே இருந்துவிட்டார்கள். அலாரத்தைச் சரிசெய்யச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அதுவரை, அடித்தால் இறங்குங்கள் தம்பி.

ஆய்வக உதவியாளர்: சோடியம் தீப்பிடித்தால்?

தண்ணீர் கூடாது, சி.ஓ.2 (கார்பன் டை ஆக்சைடு) தீயணைப்புச் சிலிண்டரும் கூடாது. உலர்ந்த மணலைக் கொட்டி மூடுங்கள். மணல் வாளியில் ஈரம் இருக்கிறதா என்று இன்றே கையை விட்டுப் பாருங்கள்.

மாணவர்: மூன்றாம் மாடி. வெளியே புகை. என்ன செய்வது?

புறங்கையால் கதவைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் திறக்க வேண்டாம். ஈரப் போர்வையால் கதவிடுக்கை அடைத்துவிட்டு ஜன்னலருகே போய் 101 அல்லது 112-ஐ அழையுங்கள். எந்த பிளாக், எத்தனையாவது மாடி, எந்தக் கேட் வழியாக வண்டி உள்ளே வரலாம் என்று சொல்லுங்கள். பல வளாகங்களில் எங்கள் வண்டி பைக் வரிசைக்கு முன்னால்தான் நின்றுபோகிறது.